தொட்டாற்சுருங்கி

சிறு சொல்லுக்கும் முகம் வாடுகிறவரைத் 'தொட்டாற்சிணுங்கி' என்று நாம் ஏளனம் செய்வதுண்டு. அப்பெயரை நமக்குக் கடனாகத் தந்த செடியைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

வரப்போரத்திலும் தோப்புகளிலும் தரையோடு படர்ந்து கிடக்கும் இச்செடியைச் சிறு வயதில் தொட்டுப் பார்க்காதவர் நம்மிடையே சிலரே இருப்பர். ஆயினும் இது வந்தேறிய செடி. வெப்ப மண்டல அமெரிக்காவே இதன் தாயகம். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு 'மிமோசா புடிகா' என்று பெயர் சூட்டினார். புடிகா என்பதற்கு நாணமுடையது என்று பொருள்.

அந்த நாணம் எங்ஙனம் நிகழ்கிறது? இலைக்காம்பின் அடியிலும் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சிறு புடைப்பு ஒன்று உண்டு. அதிலுள்ள உயிரணுக்களில் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும்வரை இலை விரிந்து நிற்கும். தொட்டவுடன் ஒரு பக்கத்து உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் போன்ற உப்புகள் வெளியேறுகின்றன. அவற்றைத் தொடர்ந்து நீரும் வெளியேறுகிறது. விறைப்புத் தளரவே, சிற்றிலைகள் மேல்நோக்கி மடிகின்றன. காம்பு கீழே சாய்கிறது. இச்செய்தி இலைக்கு இலை மின் துடிப்பாகவே செல்கிறது என்பதை, நுட்பமான கருவிகளைத் தாமே அமைத்து ஆராய்ந்து காட்டினார் நம் ஜகதீச சந்திர போஸ்.

நான் கல்லூரியில் ஆசிரியனாக இருந்தபோது, இச்செடி ஒன்றைத் தொட்டியில் வளர்த்து ஆய்வுக்கூட வாயிலில் வைத்தேன். போவோரும் வருவோரும் அதைத் தொட்டு மகிழ்ந்தனர், நானும் விலக்கவில்லை. மாதம் ஒன்றாகியும் செடி வளரவில்லை, பூக்கவும் இல்லை. மடிந்த இலை மீண்டும் விரியச் சில நிமிடங்களாவது வேண்டும். அவ்வளவு நேரமும் அது வெயிலை முழுமையாகப் பெற இயலாது. உணவு சமைக்கும் வேளையில் அடிக்கடி அடுப்பை அணைத்தால் பசி எப்படித் தீரும்? தொட்டியை ஒதுக்குப்புறமான சன்னலுக்கு மாற்றினேன். சில வாரங்களில் இளஞ்சிவப்புப் பஞ்சுருண்டைகள் போலப் பூக்கள் நிறைந்தன. ஓர் உருண்டை ஒரு பூவன்று. பல சிறு பூக்களின் கூட்டம். நாம் காணும் பஞ்சு, அவற்றின் மகரந்தக் கேசரங்கள்.

இவ்வளவு இழப்பை ஏற்று அது ஏன் சுருங்குகிறது? ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2022-இல் ஒரு விடை தந்தனர். இலை அசையாதபடி மாற்றிய செடிகளை வெட்டுக்கிளிகள் மிகுதியாகத் தின்றன. சுருங்கும் செடிகள் அவ்வளவாக இரையாகவில்லை. வீண் அச்சத்தை அது விடவும் செய்கிறது. 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தொட்டிகளைச் சிறிது உயரத்திலிருந்து பல முறை கேடின்றி விழச் செய்தனர். முதலில் சுருங்கிய செடிகள் பின்னர் விரிந்தே நின்றன. இதை 'நினைவு' எனலாமா என்பது பற்றி அறிஞரிடையே வழக்கு உண்டு. சொல் எதுவாயினும் செயல் வியப்புக்குரியதே.

வளர்ப்பது எளிது. விதையின் தோல் கடினமானது; ஆதலால் வெந்நீர் ஊற்றி ஓரிரவு ஊறவைத்து, நல்ல வெயில்படும் தொட்டியில் விதைக்க வேண்டும். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றதாக்குகின்றன. கிராமங்களில் இலையை அரைத்துப் புண்ணுக்குப் பூசுவர். ஆனால் மிமோசின் என்னும் நச்சுப் பொருளும் இதில் உண்டு. தாமாகவே உட்கொள்ள யாரும் முற்பட வேண்டா. தோட்டத்து மண்ணில் விட்டாலோ, முள்ளுடன் படர்ந்து களையாகிவிடும். தொட்டியே தக்க இடம்.

விதைக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். காயின் விளிம்பில் சுணை உண்டு. அது விலங்கின் உரோமத்திலும் மனிதர் துணியிலும் பற்றிக்கொள்ளும். சென்ற வாரம் தோப்பிலிருந்து திரும்பியபோது, என் வேட்டிக் கரையில் நான்கு காய்த் துண்டுகள் ஒட்டியிருந்தன.