பிள்ளைக்குப் பக்கத்தில் யார்?

 

பொன்விழா மேடையில் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பரவாயில்லை. நம் வீட்டுப் பையன் போலீசில் மாட்டினால் நாம் முதலில் கதவைச் சாத்துகிறோம். அடுத்த வீட்டுக்குத் தெரியக்கூடாதாம்!

2014 வரை சிறார் நீதிமன்றம் என்றிருந்த நம் சிங்கப்பூர் இளையர் நீதிமன்றத்தில் பொதுமக்கள் போய் உட்கார முடியாது. பிள்ளையின் பெயரைப் பத்திரிகை போடவும் முடியாது. மானத்தைச் சட்டமே காக்கிறது. ஆனால் நீதிபதி குற்றத்தை மட்டும் பார்ப்பதில்லை. நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையில் வீடு, பள்ளி, கூட்டாளிகள் எல்லாம் வரும். கவனிக்க ஆள் இருந்தால், 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை கண்காணிப்பில் வீட்டிலேயே இருக்க வாய்ப்புண்டு. ஆள் இல்லாத பிள்ளை இல்லத்துக்குப் போக நேரலாம். ஒரே தப்பு, இரண்டு வழி. இது நியாயமா?

நீதிமன்றத்தைக் கேட்குமுன் நம்மைக் கேட்போம். கடையை விட்டு வரமுடியாத வாப்பா, இரவு வேலை பார்க்கும் உம்மா. அந்த வீட்டுக்கு நாம் போனோமா? பள்ளி முடிந்து வரும் பையனைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைக்க நம் கடைகளில் இடமில்லையா?

துணைக்கு வரத் தயாரானவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். கடைக்காரர்கள் நாங்கள் நான்கு பேர் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.