ஒரு செயலும் பல சொல்லும்



பள்ளியிறுதி வகுப்போடு நின்ற இரயில்வே எழுத்தராகிய நாம் ஆங்கில இலக்கணம் பேச வரவில்லை. வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் எழுதியெழுதிக் கண்டவற்றையே கூற விழைகிறோம்.

நாம் 'தள்ளு' என்று முடித்துவிடும் செயலை ஆங்கிலேயர் பலவாகப் பகுப்பர். 'புஷ்' பொதுச்சொல், கதவைத் தள்ளுவதும் கைவண்டியைத் தள்ளுவதும் அதுவே. 'ஷவ்' என்பதில் முரட்டுத்தனம் கலந்துவிடுகிறது. 'திரஸ்ட்' என்பது விசையோடு செலுத்துதல். கத்தியைச் செருகுவதற்கும் பணத்தைக் கையில் திணிப்பதற்கும் அது பொருந்தும்.

இழுப்பதும் இவ்வாறே. 'புல்' பொதுச்சொல். தரையில் உராய இழுப்பது 'டிராக்'. பெருஞ்சுமையை வலித்துச் செல்வது 'ஹால்'. எஞ்சின் சரக்குப் பெட்டிகளை இழுப்பதற்கு உரிய சொல் இது. வெடுக்கென்று இழுப்பது 'ஜெர்க்'.

கர்ஜத்திலிருந்து லோனாவளாவுக்கு ஏறும் போர்க்காட் மலைப்பாதை 1863-இல் திறக்கப்பெற்றது. அங்கே 37 அடிக்கு 1 அடி ஏற்றம் உண்டு. ஆதலின் முன்னே எஞ்சின் இழுக்க, பின்னே 'பாங்கர்' எஞ்சின்கள் வண்டியைத் தள்ளிக் கொடுக்கின்றன. அது 'புஷ்'. அவை 'ஷவ்' செய்யத் தொடங்கினால் மேற்படுக்கையில் உறங்குவோர் கதி என்னாவது!

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஒரு நிலையத்தில் சுமைகூலித் தோழர் ஒருவர் தள்ளியதால் முதியவர் ஒருவர் விழுந்து காயமுற்றார். கண்ட தமிழர், "அவர்தாம் தள்ளினார்" என்றார். ஏட்டில் 'ஷவ்' என்று ஏறியது. அந்த ஒரு சொல்லால் கூலித் தோழரின் வில்லை பறிபோகும் நிலை வந்தது. "எப்படித் தள்ளினார்?" என்று மீண்டும் வினவியபோதுதான், "பின்னே பார்சல் வண்டி வந்தது ஐயா, இடிபடாமல் ஒதுக்கித் தள்ளினார்" என்ற விடை கிடைத்தது. ஏடு திருத்தப்பட்டது, வில்லையும் பிழைத்தது.

தமிழ் வறிய மொழியன்று. உந்துதல், நெட்டுதல், ஒதுக்குதல், பிடித்துத் தள்ளுதல் என நமக்கும் வேறுபாடுகள் உண்டு. கேட்பவர் கேட்டால் சொல்பவர் சொல்வார்.

அயல்மொழி நாட்டில் எழுத்தறியாத நம்மவர்க்கு மனு எழுதிக் கொடுக்கும் அன்பர்கள் இங்குப் பலர். அகராதியைப் புரட்டுமுன் எதிரே நிற்பவரை ஒருமுறை வினவுங்கள். அவர் செய்யாத குற்றத்தை நம் பேனா செய்துவிடலாகாது.