மதகுக்கு வெளியே ஒரு கடமை

நம் குளுவாங்கில் கடல் இல்லை. ஆனால் நம் ஜொகூர் மாநிலக் கரையோரத்தில் இறால் பண்ணைகள் உண்டு. அவற்றின் பிழைப்பில் நமக்கும் பங்குண்டு. 1990களின் தொடக்கத்தில் கிழக்காசியாவில் தலைகாட்டிய, இறாலைக் கொல்லும் வெண்புள்ளி வைரஸ், சில ஆண்டுகளிலேயே மலேசியாவையும் தமிழகக் கரையையும் எட்டியது. நோய் கண்ட இறால் தீனி எடுக்காது, குளக்கரையோரம் ஒதுங்கும். அதன் தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், உட்புறம் சுண்ணாம்பு தெறித்தது போலப் புள்ளிகள் தெரியும். பிறகு 3 முதல் 10 நாளில் குளமே காலியாகிவிடலாம். மனிதருக்கு இதனால் தீங்கில்லை.

இந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. நமக்குப் போடுவது போன்ற தடுப்பூசிக்கும் வழியில்லை; இறாலின் உடலில் எதிர்ப்புரதம் உருவாவதில்லை. ஆகவே வைரஸை உள்ளே விடாதிருப்பதே ஒரே வழி. குளத்தடியை வெடிப்பு விழக் காயவிட்டுச் சுண்ணாம்பு தூவ வேண்டும். வரும் நீரை நெருக்கமான வலையில் வடிகட்டி, குளோரின் இட்டு, அதன் வீரியம் தணிந்தபின்பே குஞ்சு விட வேண்டும். வைரஸைச் சுமந்து வரும் நண்டும் பறவையும் நுழையாதிருக்க, வரப்பைச் சுற்றி நண்டு வேலியும், மேலே பறவைக் கயிறும் வேண்டும்.

“சோதித்த, நோயற்ற குஞ்சைத்தானே வாங்கினேன், பிறகென்ன?” என்று சிலர் கேட்பார்கள். நோயற்ற குஞ்சு என்றால் நோய் தாக்காத குஞ்சு என்று பொருளில்லை. ஒரு நண்டு நுழைந்தாலும் அந்தக் குஞ்சு மடியலாம். “சிறு பண்ணையாளர் இவ்வளவு செலவை எப்படித் தாங்குவார்?” என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் இந்தச் சுமையை அவர் தலையில் மட்டும் ஏற்றக் கூடாது. இந்தியா 2009இல் வனாமி என்ற அயல் இன இறாலை அனுமதித்தபோது, குஞ்சு பொரிப்பதற்கான வெளிநாட்டுத் தாய் இறால்களைத் தனிமைப்படுத்திச் சோதிக்கச் சென்னை நீலாங்கரையில் அரசே ஒரு கூடம் அமைத்தது. பணமே செலவாகாத காவலும் ஒன்றுண்டு: தன் குளத்தில் நோயைக் கண்டவர் மதகைத் திறக்காமல், அன்றே பக்கத்துக் குளத்தாருக்குச் சொல்லிவிடுவது. ஒரே வாய்க்காலில் நீர் எடுப்பவர்களுக்கு, மறைத்த நோய் எல்லோருடைய நட்டமாகிவிடும்.

இந்தக் காவல் பண்ணையோடு முடிவதுமில்லை. 2016 இறுதியில் ஆஸ்திரேலியாவின் லோகன் ஆற்றோரப் பண்ணைகளில் வெண்புள்ளி நோய் பரவியது. உறைய வைத்தாலும் இந்த வைரஸ் பிழைத்திருக்கும். எனவே, கடையில் விற்ற இறக்குமதி இறாலைத் தூண்டில் இரையாக்கியது காரணமாகலாம் என்ற ஐயம் எழுந்தது. 2017 ஜனவரியில் சமைக்காத இறாலின் இறக்குமதியையே அந்நாடு நிறுத்தி வைத்தது. வார இறுதியில் மெர்சிங் கடற்கரைப் பக்கம் தூண்டில் போடச் செல்லும் குளுவாங் அன்பர்களே, சந்தை இறாலை இரையாகக் கோக்காதீர்கள். ஆய்ந்த தலையையும் ஓட்டையும் நீரில் வீசாமல், பையில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.