அடைப்பு நீங்கிய பிறகு
(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"உங்க துறையைப் பத்தி ஏதாச்சும் பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். என் துறை பம்ப். கோயமுத்தூரில் நின்றுகொண்டு பம்பைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை. ஆகவே வேறொரு பம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர், நாளுக்கு 7,000 லிட்டருக்கு மேல் தள்ளும் பம்ப் அது. சர்வீஸ் பண்ணுவதற்காக ஒரு நிமிடம்கூட நிறுத்தி வைக்க முடியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் அப்பாவுக்கு மாரடைப்பு வந்தது. எங்கள் தோட்டம் அன்னூர்ப் பக்கம். விடியற்காலையில் மோட்டார் போடப் போனவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று அம்மா சுக்குக் காப்பி வைத்துக் கொடுத்தார். அதில் ஒரு மணி நேரம் போயிற்று. அப்புறம்தான் 108. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் இ.சி.ஜி. எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டு, கோவைக்கு அனுப்பி வைத்தார்கள். அன்று மாலையே ஆஞ்சியோ, ஸ்டென்ட்.

சின்ன ஊரில் முதல் ஊசி, பெரிய ஊரில் மிச்ச வைத்தியம் என்கிற இந்த ஏற்பாட்டுக்கு நம் பகுதியில் ஒரு வரலாறு உண்டு. கோவை மெடிக்கல் சென்டரின் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் டாக்டர் அஜித் முல்லசாரியும் முன்னின்று, கோவை, ஈரோடு வட்டாரத்தில் முதலில் முன்னோட்டமாகச் செய்து பார்த்து, பிறகு தமிழ்நாட்டின் நான்கு பகுதிகளுக்கு விரித்தார்கள். 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஏற்பாட்டுக்கு முன் நூற்றுக்கு 17.6 பேர், பின் 14.2 பேர். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். நூறு பேரில் மூன்று பேர் வீடு திரும்பியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் சொல்ல வந்த விஷயம் அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது.

ஸ்டென்ட் வைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படத்தை டாக்டர் திரையில் காட்டினார். அடைத்திருந்த குழாயில் ரத்தம் குபுகுபுவென்று ஓடுகிறது. ஃபுட் வால்வில் சிக்கிய சருகை எடுத்துவிட்டால் தண்ணீர் வருமே, அது மாதிரி. வேலை முடிந்தது என்று நினைத்து ஆபீசுக்குப் போன் போட்டேன், "திங்கக்கிழமை வந்துடறேன்" என்று. இன்ஜினியர் புத்தி. குழாய் சரியானால் எல்லாம் சரி.

அன்று ராத்திரி ரெண்டு மணி இருக்கும். வெளியே பெஞ்சில் படுத்திருந்த என்னை அவசரமாக உள்ளே கூப்பிட்டார்கள். இப்போதெல்லாம் மணிக்கட்டு வழியாகச் செய்வதுதான் அதிகம். அப்பாவுக்கு அது தோதுப்படாமல் தொடை வழியாகப் போயிருந்தார்கள். காலை மடக்கக் கூடாது, எந்திரிக்கக் கூடாது என்று நாலு தடவை சொல்லியிருக்கிறார்கள். இவர் எந்திரித்துவிட்டார். கரைக்கும் ஊசியும் உறையாமல் தடுக்கும் மருந்தும் உள்ளே போன உடம்பு. படுக்கை முழுக்க ரத்தம்.

இருபத்தைந்து வயதுகூட இராத ஒரு சிஸ்டர், அப்பாவின் தொடையில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்திக்கொண்டு நின்றார். இன்னொருவர் டாக்டருக்குப் போன் செய்துகொண்டே ரத்த அழுத்தம் பார்த்தார். அது சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம், "அண்ணா, அவர்கிட்டப் பேசிட்டே இருங்க, தூங்க விடாதீங்க" என்றார். நான் வாழைக்கு எப்போது தண்ணீர் விட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

இருபது நிமிடத்துக்கு மேல் அந்தப் பெண் கையை எடுக்கவில்லை. ரத்தம் நின்றது. மறுநாள் அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். தோலில் தெரிகிற துளையின் மேல் அழுத்தினால் போதாதாம். ரத்தக்குழாயில் இருக்கும் துளை அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அங்கேதான் அழுத்த வேண்டும். மிஞ்சி அழுத்தினாலும் காலுக்கு ரத்தம் போகாது, அதனால் பாதத்தில் நாடி இருக்கிறதா என்று நடுநடுவே தொட்டுப் பார்க்க வேண்டும். கையால் அறிகிற கணக்கு இது. எந்த செமஸ்டரிலும் எனக்கு வரவில்லை.

ஏன் எந்திரிச்சீங்க என்று அப்பாவைக் கோபித்துக்கொண்டேன். "அந்தப் புள்ளைகிட்டப் போயி ஒண்ணுக்குப் போகோணும்னு எப்படிக் கண்ணு கேக்கறது?" என்றார். ஒரு மனுஷனின் கூச்சம் அவர் உயிரைக் கொண்டுபோகப் பார்த்தது. அன்றிலிருந்து சிஸ்டர்கள் அவர் கேட்கக் காத்திருக்கவில்லை. மணிக்கொரு தடவை வந்து, "அப்பா, தண்ணி குடிச்சீங்களா? யூரின் போனீங்களா? அளவு எழுதணும்" என்று சாதாரணமாகக் கேட்டார்கள். ஆஞ்சியோவுக்குச் செலுத்துகிற சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் அந்த அளவு முக்கியமானதுதான். ஆனால் கணக்கு என்று சொன்னதும் கூச்சம் போய்விட்டது பாருங்கள்.

மாரடைப்பு வந்த முதல் ஒன்றிரண்டு நாளில் இதயத் துடிப்பு திடீரென்று தாறுமாறாகிவிடக்கூடும். சில நிமிடங்களுக்குள் ஷாக் கொடுக்காவிட்டால் மூளை தாங்காது. ஒரு காலத்தில் இவர்களை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கப்போட்டதுதான் வைத்தியம். 1952இல் அமெரிக்காவில் லெவைன், லௌன் என்ற இரு டாக்டர்கள் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்ததே பெரிய புரட்சி. 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் மெல்ட்சர் என்ற டாக்டரும் ரோஸ் பின்னியோ என்ற நர்ஸும், திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் நர்ஸே டாக்டருக்குக் காத்திராமல் ஷாக் கொடுக்கலாம் என்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். மானிட்டர் என்கிற கருவி மட்டும் வந்திருந்தால் சாவைப் பதிவு செய்திருக்கும், அவ்வளவுதான். பார்த்தவருக்குச் செய்கிற அதிகாரமும் கிடைத்ததால்தான் தீவிர இதய சிகிச்சைப் பிரிவு பயன்பட்டது. கன்ட்ரோல் ரூமில் வேலை செய்யும் நண்பர்களுக்கு இது புரியும்.

மற்ற நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறுநாள் உட்கார வைத்தார்கள், அதற்கடுத்த நாள் வராந்தாவில் நடக்க வைத்தார்கள். நடக்கும்போது நாடி பார்த்தார்கள். முக்கக் கூடாது என்று மலமிளக்க மருந்து கொடுத்தார்கள். பீடியை விடச் சொன்னார்கள். அப்பா ராத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுததையும் முதலில் கவனித்தது சிஸ்டர்தான், நானல்ல. மாரடைப்புக்குப் பின் மனசு சோர்ந்து போவது நிறையப் பேருக்கு வருமாம். அதையும் டாக்டரிடம் சொல்லி வைத்தார்.

டிஸ்சார்ஜ் அன்று நான் பில் கட்டப் போயிருந்தேன். சிஸ்டர் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காகிதத்தில் சூரியனும் நிலாவும் வரைந்து, எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை உட்கார்ந்துகொண்டு வைக்க வேண்டும், நின்றால் தலைசுற்றி விழலாம் என்பது உட்பட. அடியில் கோடு போட்டு ஒரு வரி: "யார் சொன்னாலும் எங்களைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீங்க."

இரண்டாவது மாதம் அப்பாவுக்குப் பல்வலி. பல்லைப் பிடுங்க வேண்டும், ரத்தம் நிற்காது, அந்த ரெண்டு மாத்திரையை அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க என்று ஒருவர் சொன்னார். எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அந்த ராத்திரி பார்த்த ரத்தம் கண் முன்னே நின்றது. "நிறுத்திடலாங்கம்மா" என்றேன். அம்மா அந்தக் காகிதத்தை எடுத்து வந்து வைத்தார். "நீ படிச்சவன்தான் கண்ணு. இருந்தாலும் அந்தப் புள்ளை எழுதியிருக்குதே, ஒரு வார்த்தை கேட்டுப்போடு" என்றார்.

கேட்டேன். புது ஸ்டென்டில் முதல் மாதங்களில் அந்த இரண்டையும் சேர்த்து நிறுத்தினால், கம்பிவலைக்குள்ளேயே கட்டி உறைந்து முழுசாக அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது என்றார் டாக்டர். வந்தால் பலர் பிழைப்பதில்லையாம். அப்பாவுக்கு மாத்திரையை நிறுத்தாமலே பல்லைப் பிடுங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார், ரத்தம் நின்றுவிட்டது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால், பி.இ. படித்த நான் என் கையாலேயே நிறுத்தியிருப்பேன்.

அப்பா இப்போது காலையில் வாய்க்கால் மேட்டில் முக்கால் மணி நேரம் நடக்கிறார். நட்டு, போல்ட் போட்டு வைக்கிற அறை அறையான பிளாஸ்டிக் பெட்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்தேன், மாத்திரைக்கு. அம்மா ஞாயிறுதோறும் நிரப்புகிறார். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் அப்பா வார்டுக்கு ஒரு தார் பூவம்பழம் எடுத்துப் போகிறார். அந்த சிஸ்டர் வேறு ஊருக்கு மாறிப் போய்விட்டார். பழத்தை மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள்.

இங்கே வந்திருக்கும் நண்பர்களில் பாதிப் பேரின் பெற்றோருக்கு அறுபது தாண்டியிருக்கும். நமக்கே நாற்பது நெருங்குகிறது. அந்தக் காகிதத்தை ஜெராக்ஸ் எடுத்து வாசலில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். மாத்திரைப் பெயர்களை மறைத்துவிட்டேன், அது ஆளுக்கு ஆள் மாறும். கடைசி வரியை மட்டும் பெரிசாக்கியிருக்கிறேன்.