முதல் பயணத்தில் யார் விடுபடுகிறார்கள்?

(முதலாமாண்டு மாணவர்களுக்கான அறிமுகப் பயணத்தைத் திட்டமிடும் மாணவர்கள், ஆசிரியர்களிடையே கரையான்சாவடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



புதிதாகச் சேரும் மாணவர்களை முதல் வாரத்தில் எங்கே அழைத்துப் போவது? இரண்டு யோசனைகள் நம் முன்னால் இருக்கின்றன. ஒன்று, ஏலகிரியில் இரண்டு நாள் முகாம். மலையேற்றம், கூடாரம், இரவில் ஆட்டம் பாட்டம். இன்னொன்று, இங்கேயே பக்கத்தில் ஒருநாள் நடைப்பயணம். இதற்கெல்லாமா ஒரு கூட்டம் என்று சிலர் கேட்டார்கள். வகுப்பு தொடங்கும் முன்பே மாணவர்களைத் தரம் பிரித்துவிடக்கூடிய விஷயம் இது. அதனால் பேசித்தான் ஆக வேண்டும்.

இந்த வழக்கம் நாம் கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரி 1935 முதல் புது மாணவர்களைக் காட்டுக்கும் மலைக்கும் கூட்டிப் போகிறது. இங்கே 2017இல் ஏஐசிடிஇ மூன்று வார அறிமுகத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2019இல் யுஜிசி 'தீக்ஷாரம்ப்' என்ற பெயரில் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. ஏஐசிடிஇ திட்டத்தில் உள்ளூரைப் பார்வையிடுவதும் ஓர் அங்கம். மருத்துவமனைக்கோ ஆதரவற்றோர் இல்லத்துக்கோ கூட்டிப் போகலாம், வசதியற்ற மக்களை மாணவர்கள் அறிந்துகொள்வார்கள் என்கிறது அது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்த யோசனையில் மாணவர் வேறு ஆள், வசதியற்றவர் வேறு ஆள். அந்த வசதியற்றவர் இதே வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார் என்ற நினைப்பே அதில் இல்லை.

நான் இளங்கலை சேர்ந்தபோது எங்கள் வகுப்பை ஒரு மலைவாசத்தலத்துக்குக் கூட்டிப் போனார்கள். 'விருப்பமுள்ளவர்கள் பணம் கட்டலாம்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஆறு பேருக்கு விருப்பமில்லாமல் போயிற்று. ஆறு பேரும் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். நானும் அதில் ஒருத்தி. மூன்று நாள் காலி வகுப்பில் உட்கார்ந்து வருகைப்பதிவில் கையெழுத்துப் போட்டோம். போனவர்கள் திரும்பி வந்தபோது அவர்களுக்குள் பட்டப்பெயர்கள் இருந்தன, சிரிக்கப் பொதுவான கதைகள் இருந்தன. ஆய்வகக் குழு பிரித்தபோது அந்த நட்புப்படியேதான் பிரிந்தது. எங்களை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனாலும் மூன்று வருடமும் நாங்கள் அந்த ஆறு பேராகவே இருந்தோம்.

'பணமில்லாதவர்கள் வந்து கேட்டால் துறை கட்டிவிடும்' என்று ஓர் ஆசிரியர் சொன்னார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் பெயர் தெரியாத நாற்பது பேருக்கு நடுவில், முதல் வாரத்தில், 'என்னிடம் இல்லை' என்று எழுந்து நிற்க வேண்டியவரை யோசியுங்கள். பணம் மட்டுமா? மலைக்கு ஏற்ற ஷூ, குளிருக்கு ஸ்வெட்டர், இரவு தங்க வீட்டில் அனுமதி, தினக்கூலியோ பகுதிநேர வேலையோ போனால் இரண்டு நாள் சம்பளம். ஒவ்வொன்றும் ஒரு சல்லடை. எல்லாவற்றிலும் சலித்து வெளியே விழுபவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

சேர்ந்து ஓர் இடத்துக்குப் போவது என்பது நமக்கு எப்போதும் சாதாரணமாக இருந்ததில்லை. அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் 1934இல் தோழர்களோடு போன ஒரு சுற்றுலாவை எழுதியிருக்கிறார். எல்லோராவைப் பார்க்கப் போகிற வழியில் தௌலதாபாத் கோட்டையில் இறங்கினார்கள். வழிப்புழுதி போக, வாசலில் இருந்த குளத்தில் முகம் கழுவினார்கள். குளம் தீட்டாகிவிட்டது என்று கூட்டம் திரண்டது. கடைசியில், உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு, ஆயுதம் தாங்கிய காவலர் ஒருவர் உடன்வரத்தான் கோட்டையைப் பார்க்க முடிந்தது. வெளிநாட்டில் படித்துப் பட்டங்கள் பெற்ற பிறகு நடந்தது இது. ஆகவே 'இயற்கை எல்லோருக்கும் பொது' என்று யாராவது சொன்னால், எந்த ஏரி, எந்தப் படித்துறை என்று கேளுங்கள்.

என் கருத்து இதுதான்: பணம் வசூலிக்காமல், ஒருவர்கூட விடுபடாமல் போகக்கூடிய பயணமே முதல் பயணமாக இருக்க வேண்டும். இங்கிருந்து செம்பரம்பாக்கம் ஏரி பக்கம்தான். நீர்வளத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். 24 அடி உயரம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. 2015 டிசம்பர் 1 அன்று இந்த ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றங்கரையில் வீடிழந்த ஏழை மக்கள் பலர் பிறகு பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஏரி என்றால் மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளும் நினைவுக்கு வர வேண்டும். பல ஊர்களில் அந்த வேலையைச் செய்தவர்கள் தலித் மக்கள். நீரைப் பங்கிட்டவர்களுக்கு அந்த நீர் பாய நிலம் இருந்ததா? அந்நாளில் இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் திரமென்கீர் 1891இல் தந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892இல் வந்தவைதான் பஞ்சமி நிலங்கள். பொறியியலும் வரலாறும் சமூகவியலும் ஒரே கரையில் நடந்து படிக்கலாம்.

ஆனால் இடம் மட்டும் சரியாக இருந்தால் போதாது. அறிமுக விளையாட்டில் 'எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா என்ன வேலை' என்று கேட்காதீர்கள். நம் நாட்டில் அது சாதி கேட்கும் கேள்வி. குழுக்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, பள்ளியில் அகரவரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னது. கையில் சாதிக் கயிறு கட்டிய பள்ளிகளிலிருந்தும் நம்மிடம் மாணவர்கள் வருகிறார்கள் என்பதை மறக்க வேண்டாம். சாப்பாடு ஒரே பந்தி. பரிமாறுவதும் இலை எடுப்பதும் எல்லாக் குழுவுக்கும் முறை வைத்து. யாரையும் 'உங்கள் தாத்தா காலத்தில் எப்படி' என்று மேடையேற்றாதீர்கள். பேச விரும்புபவர் தானே பேசுவார்.

'அப்படியானால் ஏழைப் பிள்ளைக்கு மலையே கிடையாதா?' என்று கேட்கிறீர்கள். நிச்சயம் உண்டு. வயலும் செங்கல் சூளையும் வேலைத்தலமாக இருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு, வேலை இல்லாமல் வெறுமனே வானம் பார்த்து உட்காரும் உரிமை கட்டாயம் வேண்டும். ஏலகிரிக்குப் போவோம். இரண்டாம் பருவத்தில், அனைவருக்குமான செலவைக் கல்லூரி தன் நிதியிலிருந்து ஏற்கட்டும். யாருக்குப் பணம் கொடுத்தது என்ற பட்டியலே இல்லாதபடி ஏற்கட்டும். அதற்கான கோரிக்கை மனுவை இன்றே எழுதலாம்.

சேர்க்கைப் பட்டியல் வந்ததும் உங்கள் குழு முதலில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பேருந்துக்கு எத்தனை இருக்கை என்று கணக்கிடும்போது, பட்டியலில் எத்தனை பெயரோ அத்தனை இருக்கை போடுங்கள். 'வருபவர்கள்' என்று தனிப் பட்டியல் எடுக்காதீர்கள்.

ஜெய்பீம்.