வாசல் தாண்டாதவளுக்கு எப்படி வந்தது?



எச்.ஐ.வி. என்றதும் ஊரில் என்ன பேசுகிறார்கள்? "கெட்டு அலைந்தவர்களுக்கு வருகிற நோய்" என்கிறார்கள். அப்படியானால் கணவனைத் தவிர வேறு ஆணை அறியாத பெண்ணுக்கு அது எப்படி வந்தது?

1986ஆம் ஆண்டு. இந்த நோய் நம் நாட்டுக்கு வராது என்று பலரும் நம்பியிருந்த காலம். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன் பேராசிரியர். செல்லப்பன் நிர்மலா அவருடைய மாணவி. பாலியல் தொழிலில் இருந்த பெண்களிடம் நிர்மலா இரத்தம் எடுத்தார். அதைச் சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. வேலூருக்கு ரயிலில் கொண்டு போனார். ஆறு பேரின் இரத்தத்தில் கிருமி இருந்தது. இந்தியாவில் முதன்முதலில் கண்டுபிடித்தது அப்போதுதான்.

ஊர் அந்தப் பெண்களை ஏசியது. அவர்களுக்குக் கிருமியைக் கொடுத்த ஆண்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்களுக்கும் வீடு உண்டு, மனைவி உண்டு அல்லவா?

1993இல் சுனிதி சாலமன் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற சிகிச்சை மையத்தைத் தொடங்கினார். அங்கே வந்த 134 பெண்களைப் பற்றிய ஆய்வு 2000இல் வெளிவந்தது. பத்தில் எட்டுப் பேர் குடும்பத் தலைவிகள். பத்தில் ஒன்பது பேர் வாழ்நாளில் ஒரே ஆணோடு வாழ்ந்தவர்கள். ஆம், கணவனிடமிருந்துதான் வந்தது.

ஆனால் கணவன் இறந்தால் பழி யார் மேல்? மருமகள் மேல்தான். வீட்டில் இடம் இல்லை, சொத்தில் பங்கு இல்லை. இப்படித் தவித்த பெண்களுக்காக 1998இல் சென்னையில் ஓர் அமைப்பு பிறந்தது. பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் என்று பெயர். தொடங்கியவர்களில் ஒருவர் பி. கௌசல்யா. அவருக்கும் எச்.ஐ.வி. உண்டு. அதை மறைக்காமல் மேடையேறிச் சொன்னார். அந்தக் காலத்தில் அது சாதாரணத் துணிச்சல் அல்ல.

சரி, கருவுற்ற பெண்ணுக்குக் கிருமி இருந்தால் பிள்ளை என்ன ஆகும்? 1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. மருந்து சாப்பிடாத தாய்மார்களின் 100 குழந்தைகளில் சுமார் 25 குழந்தைகளுக்குக் கிருமி தொற்றியது. மருந்து சாப்பிட்டவர்களிடம் அது 8 ஆகக் குறைந்தது. இன்று தாய் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, பிறந்த குழந்தைக்கும் மருந்து கொடுத்தால் 5க்கும் கீழே போய்விடும். 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம்.

ஆகவே மாதம் தள்ளிப் போனதும் பரிசோதனைக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இதற்கு "நம்பிக்கை மையம்" இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, முடிவை ஊருக்குச் சொல்லக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. சந்தேகம் இருந்தால் 1097 என்ற எண்ணுக்குப் பேசலாம், காசு இல்லை.

போகும்போது கணவனையும் கூட்டிக்கொண்டு போகலாம். அவருக்கும் அங்கேயே பார்ப்பார்கள்.