பழைய வேகன் தேடிய கதை

(மூத்த குடிமக்கள் மாதச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருடம் நானும் என் மனைவியும் ஆறு மாதம் மகன் வீட்டில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் இருந்தோம். "அங்கே பொழுது எப்படிப் போச்சு சார்?" என்று லிஃப்டில் பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறீர்கள். பழைய கார் தேடினோம். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் மகனுக்கு ஒரு ஆசை. பழைய பெரிய ஸ்டேஷன் வேகன் ஒன்றை வாங்கி, உள்ளே எல்லாவற்றையும் புதிதாக்கி ஓட்ட வேண்டும். ஸ்டேஷன் வேகன் என்றால் கூரை பின்பக்கம் வரை நீண்டு, டிக்கி இருக்கும் இடத்தில் பெரிய பின்கதவு உள்ள கார். ஆரம்ப காலத்தில் ரயில் நிலையத்திலிருந்து ஆட்களையும் பெட்டிகளையும் ஏற்றி வந்ததால் அந்தப் பெயர். ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நீளம். நம் பேஸ்மென்ட்டில் நிறுத்தினால் வால் அரை மீட்டர் கோட்டுக்கு வெளியே நிற்கும். எட்டுப் பேர் உட்காரலாம். சீட்டை மடக்கினால் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் பலகையைப் படுக்க வைத்தே ஏற்றலாம்.

ஒரு காலத்தில் அங்கே குழந்தைகள் உள்ள வீடுகளில் எல்லாம் இதுதான் வண்டி. 1973 பெட்ரோல் நெருக்கடியில் ஆட்டம் கண்டது. 1984 மாடலாக கிரைஸ்லர் மினிவேன் வந்ததும் குடும்பங்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. ஃபோர்டின் கன்ட்ரி ஸ்கொயர் 1991-இல் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸின் கடைசிப் பெரிய வேகன்கள் 1996-இல் நின்றன. வீட்டு உபயோக வண்டியை யார் பாதுகாத்து வைப்பார்கள்? தேய்த்து ஓட்டிக் காயலான் கடையில் போட்டார்கள். கார்களை மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் போட்டிகள் அங்கே உண்டு. அதிலும் நிறைய நொறுங்கின. அதனால் நல்லது கிடைப்பது அபூர்வம்.

முதல் வண்டி எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடைத்தது. பளபளவென்று புது பெயின்ட், இன்ஜின் ஒரே ஸ்டார்ட். நான் அங்கேயே சரி என்று சொல்லியிருப்பேன். மகன் பாக்கெட்டிலிருந்து ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்தான். கதவில் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு மேலே வைத்தால் வழுக்கி விழுந்தது. உள்ளே தகடே இல்லை, எல்லாம் பட்டி! பின்பக்கக் கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈரம். ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினான், தரையில் ஓட்டை விழுந்துவிட்டது. அங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அது அடிப்பாகத்தைத் தின்றுவிடுகிறது.

காரில் திரும்பும்போது மகன் சொன்னான்: "இன்ஜின், பிரேக், கியர் பாக்ஸ் எல்லாம் இன்னிக்கும் வாங்கலாம்ப்பா. முன்பக்கத்துச் சாமான் அதே மாடல் சாதா காரிலிருந்தும் எடுத்துக்கலாம். வேகனுக்கு மட்டுமே உள்ளதுதான் கிடைக்காது. பின்கதவு, பக்கவாட்டு நீளக் கண்ணாடி, பின்தரை, மூணாவது சீட்டு." எதை மாற்ற முடியாதோ அதை முதலில் பார் என்பதுதான் அவன் கணக்கு. எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது வண்டியில் காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. கண்ணாடி, பின்கதவு எல்லாம் முழுசு. விலை 8,500 டாலர். மகன் முகத்தில் சந்தோஷம். இப்போது என் முறை. வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் நான். நம் ஆர்.சி. மாதிரி அங்கே டைட்டில் என்று ஒரு தாள். அதை வாங்கிப் பார்த்தேன். கண்ணாடிக்கு அடியில் தெரியும் 17 இலக்க வண்டி எண்ணோடு ஒத்துப்போனது. ஆனால் கீழே ஒரு நிதி நிறுவனத்தின் கடன் பதிவு, ரத்து செய்யப்படாமல் இருந்தது.

"அது எப்பவோ கட்டி முடிச்சாச்சு" என்றார் விற்பவர். கட்டியதற்குக் கடிதம் கேட்டேன், இல்லை. 1,000 டாலர் குறைத்துக்கொள்கிறேன் என்றார். விலையைக் குறைத்தால் கடன் பதிவு போய்விடுமா? வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

மகனுக்குக் கோபம். "எல்லாத்துலயும் சந்தேகம்தானாப்பா?" என்றான். அன்று ராத்திரி இரண்டு பேரும் பேசாமல்தான் சாப்பிட்டோம். அவன் சேர்த்த பணம், அவன் ஆசை. நான் குறுக்கே நின்றது சரிதானா என்று எனக்கே உறுத்தியது. மறுநாள் அவனே டைட்டில் அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வந்தான். கடன் கொடுத்தவர் விடுவித்தால்தான் சுத்தமான டைட்டில் கிடைக்கும் என்றார்களாம். "காபி குடிக்கறியாப்பா?" என்று கேட்டான். அதோடு சமாதானம்.

மூன்றாவது, நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஒரு பெரியவரிடம் இருந்த 1989 ஷெவர்லே கேப்ரிஸ். வறண்ட பூமி, துரு கிடையாது. வெயிலில் டேஷ்போர்டு பாளம்பாளமாக வெடித்திருந்தது, பெயின்ட் சாம்பல் பூத்திருந்தது, இன்ஜின் உயிரோடு இல்லை. வீடியோ காலில் அவரையே கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டச் சொன்னோம். டைட்டிலையும் காட்டச் சொன்னோம். இரண்டும் சுத்தம். மகன் காந்தத்தோடு விமானம் ஏறினான். கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் திறக்கிற அந்தப் பின்கதவு இரண்டு விதமாகவும் திறந்தது. 2,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்து சேர்ந்தது. இப்போது பிக்கப் வண்டியின் 5.3 லிட்டர் வி8 இன்ஜின் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருக்கிறான். வெளிப் பெயின்டை அப்படியே விடப் போகிறானாம். எனக்குச் சம்மதம் இல்லை. ஆனால் அது அவன் வண்டி.

இங்கே யாரும் அப்படி இஷ்டத்துக்கு இன்ஜினை மாற்றிவிடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது; முன் அனுமதி வேண்டும்.

கடைசியாக ஒன்று. கார் லோனைக் கட்டி முடித்ததும் வேலை முடிந்தது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வங்கியிடம் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-உம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் எச்.பி. ரத்து செய்தால்தான் முடிகிறது. விற்கும்போது தேடினால் அந்தக் கடிதம் கிடைக்காது. இன்று வீட்டுக்குப் போனதும் ஆர்.சி.யை எடுத்து ஒருமுறை பாருங்கள். அதில் வங்கிப் பெயர் இருந்தால் என்னிடம் வாருங்கள். படிவம் நிரப்பித் தருகிறேன்.